40,000 ரூபாய்க்குள் ஒன்லைன் வகுப்புக்கு மைக்கும் ஹெட்போனும்: வெள்ளவத்தை டீச்சருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் மூன்றாம் மாடி ஃப்ளாட். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஸூமில் வகுப்பு. அதையே பதிவுசெய்து யூடியூபிலும் போடுகிறார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது என்று பெற்றோர் சொல்கிறார்கள். கையில் ஒரு பழைய லப்டொப், ஒரு புளூடூத் ஹெட்செட், 40,000 ரூபாய். பிஎம்-800 என்ற மலிவு மைக் கிட் ஒன்றும் நல்ல ஹெட்போன் ஒன்றும் வாங்கினால் சரிவருமா என்று கேட்கிறார்.

டீச்சர், பிஎம்-800 வேண்டாம். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் எதை வாங்குவதற்கும் அடிப்படையான ஒன்று இருக்கிறது. கிணற்றுச் சத்தத்துக்குப் பெரிய காரணம் மைக்கின் தரம் இல்லை. உங்கள் வாய்க்கும் மைக்குக்கும் இடையில் இருக்கும் தூரம்தான்.

லப்டொப்பில் இருக்கும் மைக் உங்கள் வாயிலிருந்து சுமார் 60 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. வாயிலிருந்து நேரே போகும் குரல், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் (ஒலியளவின் அலகு) குறையும். சுவரிலும் டைல்ஸ் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி அப்படிக் குறையாது. அறைக்குள் மைக்கை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். ஆகவே மைக்கை 60 சென்ரிமீற்றரிலிருந்து 15க்குக் கொண்டுவந்தால், எதிரொலி அப்படியே நிற்க, குரல் மட்டும் 12 டெசிபெல் ஏறுகிறது. இன்னும் பாதியாக்கி நாலு விரல் அகலத்துக்கு வந்தால் 18 டெசிபெல். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்கையும் மேசையின் அந்தப் பக்கம் வைத்தால் இந்த லாபம் கிடைக்காது. அதனால் "எந்த மைக் நல்லது" என்று தேடுவதை விட, "எந்த மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்து இரண்டு மணித்தியாலம் கதைக்கலாம்" என்று தேடுங்கள்.

இப்போது பிஎம்-800. விலையைப் பார்த்தால் ஆசை வரும்: மைக், மேசையில் பூட்டும் கை, ஸ்பொஞ்ச், வடிகட்டி எல்லாம் ஒரே பெட்டியில். இது கண்டென்சர் மைக். உள்ளே இருக்கும் சுற்று, 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம், கிடைக்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டது. ஆனால் கிட்டோடு வரும் கேபிளின் ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் மைக் பிளக், மறுபக்கம் 3.5 மில்லிமீற்றர் பின். லப்டொப்பின் மைக் துவாரம் கொடுப்பது சில வோல்ட் மட்டும். மைக் வேலை செய்யும், ஆனால் குரல் மெலிந்து வரும். அதை ஈடுகட்ட விண்டோஸில் மைக்ரோபோன் பூஸ்டை 20, 30 டெசிபெல் என்று ஏற்றுவீர்கள். லப்டொப் சவுண்ட் கார்ட்டின் சொந்த இரைச்சலும் அதோடு சேர்ந்து ஏறும். பிள்ளைகளுக்குக் கேட்கும் அந்த "ஸ்ஸ்" அங்கிருந்துதான் வருகிறது. சரியாகப் பாவிக்க வேண்டுமென்றால் 48 வோல்ட் கொடுக்கும் இன்டர்பேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி, ஒன்று வேண்டும். அந்தக் காசையும் செலவழிப்பதென்றால், அதே இன்டர்பேஸில் வேறு மைக் பூட்டுவதே புத்தி.

கண்டென்சர் மைக் அறையின் சத்தத்தை "இழுக்கும்", டைனமிக் மைக் இழுக்காது என்று பலரும் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. இரண்டுக்கும் திசையமைப்பு ஒன்று, தூரமும் ஒன்று என்றால் குரலுக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒன்றேதான். வித்தியாசம் பாவிக்கும் முறையில் வருகிறது. கண்டென்சரை வாய்க்கு ஐந்தாறு சென்ரிமீற்றரில் வைத்தால் மூச்சுக் காற்றுப் பட்டு வெடிக்கும். அதனால் எல்லோரும் தள்ளி வைக்கிறார்கள், தள்ளி வைத்ததும் அறை உள்ளே வந்துவிடுகிறது. மேடையில் கையில் பிடிக்கச் செய்த டைனமிக் மைக்கோ உதட்டோடு ஒட்டிப் பாவிப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. கொழும்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கண்டென்சர் மைக்கின் உள்ளே ஈரப்பதம் ஏறினால் பதிவில் பட் பட் என்று வெடிப்புச் சத்தம் வரும். கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, யன்னல் திறந்திருக்கும் வீட்டில் இது உண்மையான பிரச்சினை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது கார்டியொயிட் வகை, அதாவது முன்னால் வரும் ஒலியை அதிகமாகக் கேட்கும் வகை, டைனமிக் மைக். அதை இரண்டு வழியில் வாங்கலாம்.

முதல் வழி, யூஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் இரண்டும் உள்ள மைக்: சாம்சன் க்யூ2யூ, அல்லது ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ். கேபிளை லப்டொப்பில் குத்தினால் முடிந்தது. மைக்கிலேயே ஹெட்போன் துவாரம் இருக்கிறது. உங்கள் குரலைத் தாமதம் இல்லாமல் நீங்களே கேட்கலாம். பின்னாளில் இன்டர்பேஸ் வாங்கினால் எக்ஸ்எல்ஆர் வழியாக அதே மைக்கைப் பூட்டலாம், காசு வீண்போகாது. க்யூ2யூவின் பழைய பதிப்பில் மினி யூஎஸ்பி துவாரம் இருக்கும்; புதிய கருவிகளில் இப்போது அரிதாக வரும் கேபிள் அது, பெட்டியில் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். பூட்டுகிற இடங்கள் குறைந்தால் பழுதாகும் இடங்களும் குறையும்.

இரண்டாவது வழி, பெஹ்ரிங்கர் எக்ஸ்எம்8500 மைக்கும் அதே கம்பனியின் யூஎம்2 இன்டர்பேஸும். எக்ஸ்எல்ஆர் கேபிளையும் ஸ்டாண்டையும் கணக்கில் சேருங்கள். கடையில் மைக்கின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பட்ஜெட் தவறிவிடும். யூஎம்2வின் ஹெட்போன் துவாரம் 6.35 மில்லிமீற்றர், உங்கள் ஹெட்போனின் பின் 3.5. இடையில் பூட்ட ஒரு சிறு அடப்டர் வேண்டும். இந்த வழியில் போகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: பதிவைக் கேட்டால் குரல் இடது காதில் மட்டும் வரும். மைக் பழுதில்லை. இன்டர்பேஸின் முதல் துவாரம் இடது பக்கமாகவும் இரண்டாவது வலது பக்கமாகவும் கணினிக்குப் போகிறது. நீங்கள் ஸ்டீரியோவில் பதிந்திருக்கிறீர்கள். ஒலியைப் பதிந்து திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் மோனோ, அதாவது ஒற்றை ஒலித்தடத்தைத் தெரிவுசெய்யுங்கள். வீடியோ பதியும் ஓபிஎஸ் மென்பொருளைப் பாவித்தால் ஒலிக்கான மேம்பட்ட அமைப்புகளில் அந்த மைக்குக்கு நேரே "மோனோ" பெட்டியில் டிக் போடுங்கள்.

யூடியூபில் எல்லோர் முன்னாலும் நிற்கும் ஷூர் எஸ்எம்7பியைப் பார்த்து மனம் தடுமாற வேண்டாம். அதன் வெளியீடு மிகவும் தாழ்ந்தது. குறைந்தது 60 டெசிபெல் பெருக்கித் தரும் இன்டர்பேஸ் வேண்டும். மலிவான இன்டர்பேஸில் பூட்டினால் பொத்தானை முழுக்கத் திருப்பியும் போதாது, இரைச்சல்தான் மிஞ்சும். அதே கம்பனியின் எஸ்எம்58 1966இலிருந்து மேடைகளில் நிற்கும் மைக், குரலுக்கு நல்லது, கீழே விழுந்தாலும் தாங்கும். ஆனால் உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் அதுவும் ஒன்று. அசலின் நிறை 298 கிராம். பெட்டியும் ஸ்டிக்கரும் அசலைப் போலவே அச்சடிக்கப்பட்டு வரலாம், ஆனால் நிறையில் பல போலிகள் பிடிபடும். கேபிள், பிடி எதுவும் இல்லாமல் மைக்கை மட்டும் டிஜிட்டல் தராசில் வைத்துப் பாருங்கள். பத்திருபது கிராம் வித்தியாசம் இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

லப்டொப்பை விட்டுவிட்டு ஃபோனிலேயே பாடம் பதிவதென்றால் போயா பிவை-எம்1 என்ற சட்டையில் குத்தும் மைக் மலிவும் போதுமானதும். கேபிள் 6 மீற்றர். கரும்பலகை முன்னால் நின்று படிப்பிக்கலாம். நடுவில் இருக்கும் சிறு பெட்டியில் ஒரு சுவிட்ச் உண்டு: ஃபோனுக்கு ஒரு பக்கம், கமெராவுக்கு மறுபக்கம். கமெரா பக்கம் வைத்தால்தான் எல்ஆர்44 பற்றரி வேலை செய்யும். ஃபோனில் பூட்டி "சத்தமே வரவில்லை" என்பவர்களில் பலர் சுவிட்சைப் பிழையான பக்கத்தில் வைத்தவர்கள். இந்த மைக் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும் வகை, ஆகவே நாடிக்குக் கீழே ஒரு சாண் தூரத்துக்குள் குத்துங்கள். சேலைத் தலைப்பின் ஓரத்தில் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரப்பு ஏறும். சங்கிலி தட்டினால் டிக் டிக் என்று விழும். பிளவுஸின் ஓரத்தில், தலைப்பு மூடாத பக்கமாகக் குத்தி, மைக்குக்குக் கீழே கேபிளை ஒரு வளையமாக மடித்து அதே கிளிப்புக்குள் செருகினால் கேபிள் இழுபடும் சத்தம் மைக்குக்கு ஏறாது. ஃபோனில் 3.5 துவாரம் இல்லை என்றால் யூஎஸ்பி-சி அடப்டர் வேண்டும். பாட்டுக் கேட்க மட்டும் உதவும் அடப்டர்களும் விற்பனைக்கு இருக்கின்றன, அவற்றில் மைக் வேலை செய்யாது. கடையிலேயே உங்கள் ஃபோனில் பூட்டி, பதிந்து, கேட்டுவிட்டு வாங்குங்கள். பதியும்போது மைக் தலையை விரலால் மெல்லச் சுரண்டுங்கள். அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டால்தான் அந்த மைக் வேலை செய்கிறது. இல்லாவிட்டால் ஃபோனின் சொந்த மைக்தான் பதிகிறது.

அறைக்கு வருவோம். காசு செலவில்லாமல் அதிகம் திருந்தக்கூடிய இடம் இதுதான். அறையின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய பிறகு "ட்ரிங்" என்று ஒரு வால் கேட்டால், உங்கள் பதிவிலும் அந்த வால் இருக்கிறது. கொங்கிறீற் சுவர், டைல்ஸ், கண்ணாடி யன்னல் மூன்றும் சேர்ந்த கொழும்பு ஃப்ளாட்டில் அது கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். எல்லோரும் ஸ்பொஞ்ச் வாங்கி மைக்குக்குப் பின்னால் சுவரில் ஒட்டுகிறார்கள். கார்டியொயிட் மைக் முன்னால் இருப்பதைக் கேட்கும், பின்னால் இருப்பதைக் குறைத்துக் கேட்கும். அதன் முன்னால் இருப்பது நீங்களும் உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரும். ஆகவே மெத்தென்ற பொருள் இருக்க வேண்டியது உங்கள் முதுகுப் பக்கம். துணி நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் உட்காருவது பலருக்குப் போதும். அலுமாரி இல்லாவிட்டால் தடித்த யன்னல் சீலையை இரண்டு மடங்கு அகலத்தில், சுருக்கம் விழும்படி தொங்கவிடுங்கள். தரையில் ஒரு கம்பளம் போடுங்கள். முட்டை மட்டைகளால் பிரயோசனம் இல்லை. ஓர் அங்குல ஸ்பொஞ்ச் கூர்மையான ஒலிகளை மட்டும் குடிக்கும். குரலின் அடிப்பகுதியில் உள்ள முழக்கம் அப்படியே இருக்கும்.

வெளிச் சத்தத்துக்கும் இதே திசை விதி உதவும். மைக்கின் கேபிள் பூட்டும் பக்கம்தான் அது மிகக் குறைவாகக் கேட்கும் பக்கம். அந்தப் பக்கத்தை யன்னலை நோக்கி வையுங்கள். காகம், ஹோர்ன், பின்னேரம் பாண் விற்க வரும் சூன்பாண் ஓட்டோவின் பாட்டு எல்லாம் முற்றாகப் போகாது, ஆனால் பாடத்தைக் குழப்பும் அளவிலிருந்து இறங்கும். கரையோர ரயில் வேறு விதம். அதன் உறுமல் கட்டடத்தின் வழியாக மேசைக்கு ஏறி, ஸ்டாண்ட் வழியாக மைக்குக்கு வரும். ஸ்டாண்டின் அடியில் துவாய் ஒன்றை நாலாக மடித்து வையுங்கள். பதிந்த பிறகு ஆடாசிட்டியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை வெட்டுங்கள். பெண் குரலென்றால் 100 வரை வெட்டினாலும் குரல் மெலியாது. ஃபேனை நிறுத்த முடியாத ஊர் இது. கூரை ஃபேனை விட, தரையில் நிற்கும் ஃபேன் நல்லது: முகத்துக்குப் பக்கவாட்டில், காற்று மைக்கில் படாத கோணத்தில் வைக்கலாம். மைக்குக்கு ஸ்பொஞ்ச் உறை கட்டாயம்.

மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காதீர்கள். உதட்டின் ஓரத்துக்கு எதிரே, 45 பாகை சரித்து, நாலு விரல் தள்ளி வையுங்கள். "பாடம்", "பக்கம்" என்று தொடங்கும்போது வரும் காற்று மைக்கைத் தாண்டிப் போய்விடும். மிக நெருங்கினால் குரலில் அடித்தொனி கூடித் தடிக்கும். அப்படிக் கேட்டால் இரண்டு விரல் பின்னுக்குப் போங்கள். ஒலியளவை, வழமையாகப் படிப்பிக்கும் சத்தத்தில் கதைத்துக்கொண்டு, அளவுமானி உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடும்படி வையுங்கள். மேல் எல்லையான பூச்சியத்தில் முட்டினால் குரல் உடையும், உடைந்ததைப் பிறகு ஒட்ட முடியாது. ஸூமின் ஒலி அமைப்பில் மைக் அளவைத் தானாக மாற்றும் பெட்டியின் டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் நீங்கள் மூச்செடுக்கும் இடைவெளியில் அளவை ஏற்றி, ஃபேனின் சத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும்.

ஹெட்போனில் உங்கள் புளூடூத் ஹெட்செட்டின் கதையை முதலில் முடிப்போம். பாட்டுக் கேட்கும்போது அது நன்றாகத்தான் இருக்கும். ஸூமில் அதன் மைக் இயங்கத் தொடங்கியதும் புளூடூத் வேறு முறைக்கு மாறுகிறது. ஒலி இரண்டு பக்கமும் போகவேண்டியிருப்பதால் குரலின் மேல் எல்லை 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸோடு வெட்டப்படுகிறது. பழைய தொலைபேசியில் கதைப்பதுபோல் கேட்பது அதனால்தான். எவ்வளவு விலையான ஹெட்செட் வாங்கினாலும் பழைய லப்டொப்பில் இது மாறாது. மைக் வேறு, கேட்பது வேறு என்று பிரித்துவிட்டால் பிரச்சினை தீரும்: ஸூமில் மைக்காக யூஎஸ்பி மைக்கைத் தெரிவுசெய்யுங்கள். அப்போது பழைய ஹெட்செட்டைக் கேட்பதற்கு மட்டும் வைத்திருக்கலாம், தாமதம் மட்டும் இருக்கும். பதிவைத் திருத்துவதற்கு அந்தத் தாமதமே இடைஞ்சல். அதற்கு வயர் உள்ள ஹெட்போன் வேண்டும்.

மூடிய வகை வாங்குங்கள். திறந்த வகையில் பிள்ளைகளின் குரல் ஹெட்போனிலிருந்து கசிந்து மைக்குக்குள் போகும். ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்20எக்ஸ் உங்கள் கணக்குக்குள் அடங்குமா என்று பாருங்கள். அதன் மின்தடை 47 ஓம், லப்டொப்பும் ஃபோனும் தாராளமாக இயக்கும். சோனி எம்டிஆர்-7506 1991இலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் இருக்கிறது, 63 ஓம், குரலில் உள்ள குறைகளை மறைக்காமல் காட்டும். பாவித்தது ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்கலாம். பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் ஓம் எண்ணைப் பார்க்க வேண்டும்: 32, 80, 250 என்று பதிப்புகள் உண்டு, 250 ஓம் பதிப்பை லப்டொப்பில் குத்தினால் சத்தம் போதாது.

இரண்டு காதையும் மூடிக்கொண்டு கதைத்தால் சொந்தக் குரல் தலைக்குள் முழங்கும். அதனால் தெரியாமலே சத்தத்தை உயர்த்துவீர்கள், ஒரு வகுப்பு முடியும்போது தொண்டை கட்டும். மைக்கில் இருக்கும் ஹெட்போன் துவாரத்தில் பூட்டி, நேரடியாகக் கேட்கும் வசதியைப் போட்டுவிட்டால் குரல் இயல்பாகக் கேட்கும். யூஎஸ்பி மைக்கை நான் முன்னுக்கு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு மணித்தியாலம் காது வேர்ப்பது தாங்காவிட்டால், வகுப்புக்குக் கேஇஸட் போன்ற வயர் உள்ள இயர்போன் போதும். அதன் ரப்பர் முனை காதை முழுதாக அடைக்க வேண்டும். "பேஸ் இல்லை" என்று திருப்பிக் கொடுக்கப்படும் இயர்போன்கள் பலவற்றில் முனையின் அளவுதான் பிழை. பெட்டியில் உள்ள மற்ற அளவுகளையும் போட்டுப் பாருங்கள்.

ஹெட்போனில் முதலில் போவது காது மெத்தையும் பின் அருகில் உள்ள வயரும். செயற்கைத் தோல் இந்த வேர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் உரிந்து கறுப்புச் செதில்களாகக் கன்னத்தில் ஒட்டும். பருத்தித் துணியால் ஒவ்வொரு நாளும் துடைத்தால் ஆயுள் கூடும். வாங்கும்போதே மாற்று மெத்தை கிடைக்கும் மொடலா என்று கேளுங்கள். வயர் பின்னோடு அறுந்தால் முழு ஹெட்போனையும் எறிய வேண்டாம், ஃபோன் திருத்தும் கடையில் புதுப் பின் வைக்கலாம். உள்ளே உள்ள மெல்லிய இழைகளுக்கு வார்னிஷ் பூச்சு உண்டு. அதைச் சூடாக்கி எரிக்காமல் ஈயம் ஒட்டாது, ஒட்டியதுபோல் தெரிந்தாலும் மறுநாள் ஒரு பக்கம் போய்விடும். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது. திருத்துபவர் பூச்சை எரிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

காசைப் பிரிப்பதென்றால் பாதி மைக்குக்கு, கால்வாசி ஹெட்போனுக்கு, மிச்சக் கால்வாசி ஸ்டாண்ட், ஸ்பொஞ்ச் உறை, அடப்டர், தடித்த சீலை ஆகியவற்றுக்கு. 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தப் பொருட்களின் விலை டொலரோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஆகவே தொகையைவிட இந்த விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி மைக்குகளை பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் கணினிக் கடைகளில் கேட்கலாம். எக்ஸ்எல்ஆர் கேபிள், ஸ்டாண்ட் போன்றவற்றை இசைக்கருவிக் கடைகளில் கேளுங்கள், அங்கே தரம் தெரிந்து விற்பார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேபிளும் அடப்டரும் மலிவு. ஆனால் அங்கே வாங்கும் எதையும் பூட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். எங்கே வாங்கினாலும் பில்லில் தொடர் இலக்கத்தை எழுதி, வாரண்டி கடையுடையதா இறக்குமதி முகவருடையதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகும் பதிவில் "ம்ம்ம்" என்று ஓர் அடிச்சத்தம் இருந்தால், லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். இரண்டு பின் அடப்டர் வழியாகப் பூமிக்கம்பி துண்டிக்கப்பட்டிருக்கலாம். மூன்று பின்னும் சரியாகப் பொருந்தும் சொக்கட்டுக்கு மாற்றுங்கள், அதுவரை பற்றரியில் வைத்துப் பதியுங்கள்.

முதல் பாடத்தைப் போடுமுன் இரண்டு நிமிடம் பதிந்து, புது ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். பிறகு அதையே வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, வீட்டில் இருப்பதிலேயே மலிவான ஃபோனின் ஸ்பீக்கரில், குசினியில் குழாய் ஓடும்போது கேளுங்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் கேட்கப்போகிறார்கள். அதில் ஒவ்வொரு சொல்லும் பிடிபட்டால் செட்டிங்கைக் கடதாசியில் எழுதி, மைக் ஸ்டாண்ட் நிற்கும் இடத்தை மேசையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.